அத்தனாஸ் மெட்டின் கீழ்ப்பாதி

காலை எட்டு நாற்பதுக்குக் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்ட பிறகு, என் அத்தை தெல்ஃபீன் ஏழாம் நம்பர் பள்ளிப் பேருந்தை வளாகத்தின் வடக்கு மூலையில், காற்றுக்கு முதுகைக் காட்டி நிறுத்துவாள். என்ஜினை அணைக்க மாட்டாள். எங்கள் ஊர் மானிட்டோபா ஏரிக் கரையில் இருக்கிறது. ஜனவரியில் அணைத்த என்ஜினைத் திரும்ப எழுப்புவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஹீட்டர் ஊதும் இடத்தில், கம்பளியில் சுற்றிய பிடில் பெட்டி இருக்கும். விரல் நுனிகளை வெட்டியெடுத்த கையுறை ஒரு ஜோடி அதன் மேல் கிடக்கும்.

அத்தையின் வீடு பேருந்துத் தடத்தின் கடைசியில் இருக்கிறது. வெறும் பேருந்தோடு அவ்வளவு தூரம் போய்வர மனமில்லாமல் மூன்றேகால் மணி வரை அங்கேயேதான் இருப்பாள். நான் இரண்டாம் வகுப்புக்குக் கூட்டல் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும்போது, ஜன்னல் வழியாக அவளுடைய வலது முழங்கை மேலும் கீழும் போவது தெரியும். சத்தம் வராது. முழங்கையின் வேகத்தை வைத்தே என்ன மெட்டு என்று ஓரளவு கண்டுபிடித்துவிடுவேன்.

அத்தைக்கு நோட்டுப் பார்த்து வாசிக்கத் தெரியாது. ரயில்வேயில் வேலை பார்த்த அவள் கணவர் இறந்த வருடம், நாற்பத்தெட்டு வயதில்தான் பிடிலைக் கையில் எடுத்தாள். யாரிடமும் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. பிரெஞ்சு ரத்தமும் பூர்வகுடி ரத்தமும் கலந்த எங்கள் ஆட்களில் பிடில் வாசிக்காத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மளிகைக் கடை, ஊர்க் கூடம், யாரோ ஒருவரின் சமையலறை என்று எங்கே நின்றாலும் காதில் ஏதாவது விழும். ஒரு தடவை டயர் கடைக்காரர் வேலை செய்துகொண்டே ஒரு மெட்டைச் சீட்டியடிப்பதைக் கேட்டுவிட்டு, பழுதே இல்லாத டயரை நாலு நாள் கொண்டுபோய்க் காட்டினாள். ஐந்தாம் நாள் அவர், "அம்மா, டயர்ல ஒண்ணும் இல்ல. உனக்கு என்ன வேணும்னு சொல்லு, நானே அடிச்சுக் காட்டறேன்" என்றாராம்.

புது மெட்டு கிடைத்தால் முதல் வாரம் பிடிலைத் தொடமாட்டாள். பாத்திரம் கழுவும்போதும், பேருந்தின் முன்கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டும்போதும் முனகுவாள். வாய் தடுமாறாமல் போகிறது என்று ஆன பிறகுதான் பெட்டி திறக்கும். அப்போதும் முதலில் தேடுவது கடைசிச் சுரத்தை. "எங்க போய் உக்காரப்போறோம்னு தெரிஞ்சாத்தான் வீட்ட விட்டுக் கிளம்ப முடியும்" என்பாள். அடுத்தது எலும்பு. எங்கள் ஆட்கள் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பாதங்களாலும் தரையைத் தட்டியபடியே வாசிப்பார்கள். தட்டு விழும் இடங்களுக்கு மட்டும் ஒவ்வொரு சுரம் கண்டுபிடித்துவிட்டால் எலும்பு நின்றுவிடும். சதை அதன் மேல் தானாக ஏறும்.

ஒரு மெட்டு கைக்கு வந்துவிட்டதா என்பதற்கு அவளிடம் ஒரே சோதனை உண்டு. ஓட்டுநர் தலைக்கு மேலே, பின்னால் பிள்ளைகள் செய்யும் சேட்டையைப் பார்ப்பதற்காக, அகலமான கண்ணாடி ஒன்று இருக்கிறது. வாசிப்பை நிறுத்தாமல் அந்தக் கண்ணாடியில் பார்த்துப் பின்னால் உள்ள இருக்கைகளை எண்ண முடிய வேண்டும். எண்ணிக்கை தப்பினால் மெட்டு இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

நான் வின்னிபெக்கில் படித்தபோது ஆறு வருடம் வயலின் கற்றுக்கொண்டேன், காகிதத்தைப் பார்த்துத்தான். அத்தை அதை ஒருநாளும் மறக்க விட்டதில்லை. "அந்தக் காகிதத்தப் புடுங்கிட்டா நீ ஊமைடி, ஜனேல்."

அவளிடம் அறுபது மெட்டுக்கு மேல் இருந்தன. ஒன்று மட்டும் பாதி.

அந்தப் பாதி அவளுக்குக் கிடைத்தது, இப்போது நாங்கள் இருக்கும் வீட்டில். அது அப்போது அவளுடைய அப்பாவின் வீடு. அந்தக் காலத்துக் குளிர்காலங்களில் வாரம் ஒரு வீட்டில் ஆட்டம் நடக்கும். எங்கள் வீட்டு முறை வரும்போது அத்தனாஸ் என்கிற மீன்பிடிகாரர் பிடிலோடு வருவார். அத்தைக்குப் பதினைந்து வயது. வீட்டின் மூத்த பெண். வந்தவர்களின் கைக்குழந்தைகளை எல்லாம் மாடியில் ஒரே கட்டிலில், கோட்டுகளுக்கு நடுவில் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு, அவளைக் காவலுக்கு வைத்துவிடுவார்கள். கீழே இறங்க அனுமதி இல்லை. கீழே எரியும் அடுப்பின் சூடு மேலே ஏறுவதற்காக மாடித் தரையில் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சதுர ஓட்டை, அதற்கு இரும்புக் கம்பி வலை. அத்தை அதன் மேல் கவிழ்ந்து படுத்துக் கேட்பாள்.

ஆட்டத்தின் முடிவில் அத்தனாஸ் தன்னுடைய மெட்டு ஒன்றை வாசிப்பார். அதற்குப் பெயர் இல்லை. மேல்பாதி மெல்லிய தந்திகளில் போகும். அது ஓட்டை வழியாகச் சூட்டோடு சேர்ந்து தெளிவாக மேலே வந்துவிடும். கீழ்ப்பாதி தடித்த தந்திகளில். அப்போதுதான் ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராக நடுவில் வந்து தங்கள் சொந்த அடிகளைப் போட்டுக் காட்டுவார்கள். தரை அதிரும், கூச்சல் எழும், பிடில் அதற்குள் மூழ்கிவிடும். மேலே வந்து சேர்வது வெறும் கால் சத்தம்தான். அத்தனாஸ் பிற்பாடு மகனோடு வடக்கே போய் அங்கேயே இறந்துபோனார். ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டால் பிடிலை மடியில் வைத்துவிட்டுத் தேநீர் கேட்கிற மனிதர். அதனால் எவரிடமும் அவர் வாசிப்பு இல்லை.

இப்போது கூடத்தில் ஆட்டத்துக்கு வாசிப்பவர் ரோமுவால்ட். அவருக்கும் மேல்பாதி தெரியும். கீழே வேறொரு மெட்டின் பாதியை ஒட்டவைத்துக்கொண்டார். ஊரும் அதற்குப் பழகிவிட்டது. அத்தைக்கு மட்டும் பழகவில்லை.

"கோட்டு ஒருத்தனோடது, கால்சட்டை இன்னொருத்தனோடது. இதப் போட்டுக்கிட்டு எப்படி வெளிய போறது?"

"பாதியே நல்லாத்தானே இருக்கு, அத்தை" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"பாதி மெட்டோட நான் செத்துப் போய், மேல அத்தனாஸ் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? உக்காருன்னு சொல்லி நாற்காலி போடுவான். வாசின்னு சொல்லுவான். அப்புறம்?"

விளையாட்டாகச் சொன்னதுபோல்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் பேருந்தில் கடைசியாக அதைத்தான் வாசிப்பாள். மேல்பாதி முடிந்ததும் முழங்கை இறங்கிவிடும்.

இந்த வருடம் புத்தாண்டு அன்று கூடத்தில் விருந்து. உருண்டைக் கறி சூப், ரொட்டி, ஆட்டம். ஒவீட் ஆடிக்கொண்டிருந்தார். அறுபது வயது, நாற்பது குளிர்காலங்கள் பனிக்கட்டியில் துளையிட்டு வலை போட்ட உடம்பு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மீன் வாசம் வீசும் வீட்டுக்கு எவள் வருவாள் என்று கேட்பவர்களிடம், "அதான் நானும் யாரையும் கஷ்டப்படுத்தல" என்பார். இடுப்புக்கு மேலே அசையாமல், கால் மட்டும் தனியாக வேறொரு ஆளுடையது போல ஓடும். ரோமுவால்ட் அத்தனாஸ் மெட்டை எடுத்தார். மேல்பாதி வரை ஒவீட் ஆடினார். கீழ்ப்பாதி வந்ததும் அப்படியே நின்று, நேராக சூப் மேசைக்கு வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் அத்தை. "மூச்சு வாங்குதா?"

"மூச்சு நல்லாத்தான் இருக்கு. அவன் வாசிக்கிறது அத்தனாஸோடது இல்ல. கால் எந்திரிக்க மாட்டேங்குது."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். "அத்தனாஸோட கீழ்ப்பாதி உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எங்க தெரியும். காலுக்குத் தெரியும்."

"பாடிக் காட்டு."

ஒவீட் பாடிக் காட்டினார். மூன்று மேசை தள்ளியிருந்த ரோமுவால்டின் மனைவி திரும்பிப் பார்த்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள்.

"சரி, வாய மூடு" என்றாள் அத்தை. "காலக் கொண்டா."

"மார்ச் பதினாலுக்குள்ளன்னா கொண்டுவரேன். அன்னிக்கு வின்னிபெக்ல ரெண்டு முட்டியையும் மாத்துறாங்க. உலோகம் வைக்கிறாங்களாம். அதுக்கப்புறம் நடக்கலாம், மீன் பிடிக்கலாம், இந்தக் குதி குதிக்கக் கூடாதுன்னுட்டாங்க டாக்டரம்மா."

அத்தை விரலை மடக்கி வாரங்களை எண்ணினாள். பத்து.

முதலில் பேருந்திலேயே முயன்றார்கள். நடைபாதையில் ரப்பர் விரிப்பு. கால் சத்தத்தை முழுக்கக் குடித்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை ஒவீட் தன் மீன் கொட்டகையில் ஒரு பிளைவுட் பலகையை விரித்தார். பிற்பகல் இரண்டு மணி. ஒரு மூலையில் அடுப்பு, சுவரில் வலைகள், கத்திகள். என்னையும் அத்தை இழுத்துக்கொண்டு போனாள். "காகிதக்காரி ஒருத்தி கூட இருந்தாத் தப்பில்ல."

முட்டி ஒரு நாளைக்கு மூன்று சுற்று தாங்கும். மூன்றாவது முடிந்ததும் ஒவீட் ஒரு மீன் தொட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து, முட்டிக்கு ஒன்றாக உறைந்த பிக்கரல் மீன் பொட்டலத்தை வைத்துக்கொள்வார். அப்படியே நாங்கள் தேநீர் குடிப்போம்.

முதல் இரண்டு சனிக்கிழமையும் அத்தை பிடிலை எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அவர் காலைக் கேட்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஸ்டியரிங்கில் விரலால் அதைத் தட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாவது வாரம் பிடில் வெளியே வந்தது. கால் எங்கே விழுகிறது என்பது தெரிந்துவிட்டது. எந்தச் சுரத்தின் மேல் விழுகிறது என்பது தெரியாது. ஒவீட்டால் அதைச் சொல்லவும் முடியாது. ஆனால் தவறான சுரம் வந்தால் அவர் கால் எழாது. அதைத்தான் அத்தை பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்தபடியே அவர் பாதத்தை மட்டும் பலகையில் வைத்திருப்பார். அவள் சுரத்தை மாற்றி மாற்றி வைப்பாள்.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"சேத்துல நடக்கிற மாதிரி இருக்கு."

"சேத்துல நடந்தாலும் நடதான். இப்ப?"

"இது வேற யாரோ ஆடறது."

"இப்ப?"

பாதம் பலகையிலிருந்து எழுந்து விழுந்தது. அவரே அதைக் குனிந்து பார்த்தார். "அட, இதான்" என்றார் காலிடம்.

இப்படி ஒரு பிற்பகலுக்கு நாலு சுரம், சில நாள் இரண்டு. ஒரு சனிக்கிழமை ஒன்றுமே கிடைக்கவில்லை. அன்று இருவரும் ரோமுவால்டைத் திட்டித் தீர்த்துவிட்டுப் பிரிந்தார்கள். ஊரில் பேச்சு கிளம்பியது. அஞ்சலகத்தில் ஒருத்தி என்னிடம், "உங்க அத்தை மீன் கொட்டகைக்கு எதுக்குப் போறாங்க?" என்று கேட்டாள். மெட்டுக்கு என்றேன். "நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கிறது" என்று அஞ்சல்தலையை நக்கி ஒட்டினாள்.

பிப்ரவரி முடிவதற்குள் கீழ்ப்பாதி கிட்டத்தட்ட முழுசாக வந்துவிட்டது. ஒரே ஓர் இடம்தான் மிச்சம். இரண்டாவது வரியில், கால் வேகம் பிடித்து ஓடும் இடத்தில், ஒவீட் ஒரு தட்டு நின்றார். ஒரே ஒரு தட்டு. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தார். பிடில் அதற்குள் முன்னே ஓடிவிட்டது.

"முட்டி பிடிக்குதா?"

"இல்ல. அங்க அப்படித்தான்."

"அப்படித்தான்னா எப்படி? மெட்டு ஓடிக்கிட்டிருக்கு, நடுவுல நீ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நிக்கிற."

"அத்தனாஸும் நிப்பான்."

"அத்தனாஸ் ஏன் நிக்கணும்?"

ஒவீட் முட்டியிலிருந்த மீனைத் திருப்பி வைத்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆட்களின் மெட்டுகளில் ஒரு தட்டு கூடுவதும் குறைவதும் புதிதல்ல. வெளியூரிலிருந்து கிட்டாரோடு வருகிறவர்கள் எங்களோடு சேர்ந்து வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போவார்கள். ஆனால் அந்தக் கோணல்களில் எல்லாம் ஏதோ ஒரு சுரம் நின்று இழுக்கும், வில் மூச்சு வாங்கும். இந்த இடத்தில் அப்படி எதுவும் இல்லை. வெறும் நிறுத்தம். அத்தையின் கை அதை ஏற்க மறுத்தது. நான் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். தாளக் கட்டங்களில் அந்த ஒரு தட்டை எங்கே வைத்தாலும் மீதி எல்லாம் பிதுங்கியது. அழித்து அழித்துக் காகிதம் ஓட்டையாகிவிட்டது. கடைசியில் அதை விட்டுவிட்டு எழுதினேன். எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது.

"வெட்டிடலாம்" என்றாள் அத்தை. "வயசான காலு, எங்கயோ தப்பாப் பழகிக்கிச்சு."

ஒவீட் எழுந்தார். பிளைவுட் பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். "அப்ப அது அத்தனாஸோடது இல்ல. ரோமுவால்ட் ஒரு கால்சட்ட தச்சான், நீ இன்னொண்ணு தச்சுட்ட."

"அப்ப ஏன் நிக்கணும்னு சொல்லு."

"நிக்கணும். அவ்வளவுதான்."

அத்தை பிடிலைப் பெட்டியில் வைத்து, பெட்டியைத் தேவைக்கு மேல் பலமாக மூடினாள்.

அந்த வாரம் முழுவதும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முழங்கை ஓடும், ஒரே இடத்தில் வந்து நின்றுபோகும். வெட்டி வாசிக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. நின்று வாசிக்கவும் கை வரவில்லை. அடுத்த சனிக்கிழமை நாங்கள் போனபோது கொட்டகைக் கதவில் பூட்டு. ஏரியின் மேல் தூரத்தில் அவருடைய பனிவண்டி ஒரு கரும்புள்ளியாகத் தெரிந்தது. அன்று மார்ச் ஒன்பது.

மறுநாள் பூசை முடிந்ததும் அத்தை நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம், "மேல போறேன்" என்றாள். அப்பா அவளுடைய தம்பி. ஏன் என்று கேட்டுப் பழக்கம் இல்லாதவர். மாடித் தரையில் அந்த ஓட்டையை எப்போதோ ஒரு தகரத் தட்டால் மூடி, மேலே கம்பளம் விரித்திருந்தார்கள். நாலு ஆணியைப் பிடுங்கினாள். கம்பி வலை அப்படியே இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், பூசைக்குப் போட்ட கோட்டோடு தரையில் கவிழ்ந்து படுத்தாள்.

"ஜனேல்" என்று கூரையிலிருந்து குரல் வந்தது. "அவனக் கூப்பிடு. நான் கேட்டதெல்லாம் இங்க இருந்துதான். அந்த இடத்துல கால் சத்தம் நின்னுச்சா இல்லையான்னு இங்க படுத்துக் கேட்டாத்தான் எனக்குத் தெரியும்."

ஒவீட்டைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"என்ன, மிச்சத்தையும் வெட்டணுமாமா?"

"இல்ல மாமா. அத்தை ஓட்டைக்குப் பக்கத்துல படுத்திருக்காங்க. நீங்க கீழ ஆடணுமாம்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"எந்த ஓட்டை?" என்றார்.

"எங்க வீட்டு ஓட்டை. அடுப்புக்கு மேல இருக்கே."

"கால் மணி நேரத்துல வரேன்."

வந்தார். அந்தக் கால் மணி நேரத்தில் முகச்சவரமும் செய்திருந்தார்.

அப்பா மேசையை ஓரமாக நகர்த்தினார். "தரை தாங்குமான்னு பாத்துக்க, ஒவீட்."

"உங்கப்பன் தரை. என்னத் தாங்கினதுதான்" என்று, அவர் அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காலால் தேடி நின்றார். மேலே பார்க்கவில்லை. அத்தையின் பிடிலை நான் எடுத்துக்கொண்டேன். என் காகிதத்தை நாற்காலியில் சாய்த்து வைத்து, ஒழுங்காகப் பொருந்திய அந்தக் கீழ்ப்பாதியை வாசிக்க ஆரம்பித்தேன். ஒவீட் ஆடினார்.

இரண்டாவது வரியில் அந்த இடம் வந்தது. அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். மழை வருகிறதா என்று பார்ப்பவரைப் போல, ஒரு தட்டு நேரம் மட்டும். கால் அதற்குள் நின்றது. நான் முன்னே ஓடிவிட்டேன்.

"நிறுத்து" என்றது மேலிருந்து குரல். "அந்தக் காகிதத்தக் கீழ போடு. அவன் காலப் பாத்து வாசி."

இரண்டாவது சுற்று. அவர் காலை மட்டும் பார்த்தேன். அந்த இடத்தில் தலை உயர்ந்தது, கால் நின்றது, நான் வில்லைத் தந்தியிலேயே வைத்துக் காத்திருந்தேன். தலை இறங்கியதும் இருவரும் சேர்ந்து இறங்கினோம். வாரக்கணக்காகப் பிதுங்கிக்கொண்டிருந்த வரி தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

மூன்றாவது சுற்றையும் ஆடி முடித்தார். பிறகு மாடிப்படி முனகியது. அத்தை இறங்கி வந்தாள். கோட்டு முழுக்கத் தூசி. இடது கன்னத்தில் கம்பி வலையின் கட்டங்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"நின்னுச்சு" என்றாள். "அப்பவும் நின்னுச்சு. எனக்கு ஞாபகம் வந்துடுச்சு."

ஒவீட் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் குளிர்காலம் முழுக்கவா மேல பாத்த?" என்றாள் அத்தை.

"ரெண்டு குளிர்காலம்."

"நான் அங்க இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மூக்கு தெரிஞ்சுது."

"மூக்கா."

"கம்பிக்கு நடுவுல. பெருசா ஒண்ணும் இல்ல. மூக்குதான்னு தெரியற அளவுக்கு."

அப்பா, விறகு தேவைப்படாத அடுப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"மேல பாத்தா ஒரு தட்டு பின்னாடி போயிடுவேன்" என்றார் ஒவீட். "முதல்ல அத்தனாஸ் திட்டினான். பிடிலப் பாத்து ஆடுறா, கூரையப் பாக்காதடான்னு. அப்புறம் அவனும் ஒருநாள் தலையத் தூக்கிப் பாத்தான். அதுக்கப்புறம் திட்டல. அந்த இடம் வந்தா அவனே வில்ல நிறுத்திக் காத்துக்குவான். மத்தவங்களும் அது மெட்டுலயே இருக்குன்னு நெனச்சு அங்க நிக்கப் பழகிட்டாங்க."

"சொல்லியிருக்கலாம்."

"யார்கிட்ட? மூக்குகிட்டயா?"

அத்தை கன்னத்துக் கட்டங்களைப் புறங்கையால் தேய்த்தாள். அவை போகவில்லை. "அதுக்கு மறு வருஷம் நான் ரயில்வேக்காரரோட நிச்சயம் பண்ணிக்கிட்டு ஊரவிட்டே போயிட்டேன்."

"தெரியும். உன் கல்யாணத்துல ஆடினேனே. அங்கயும் நின்னேன். பழக்கம்."

அப்பா உறைபெட்டியிலிருந்து இரண்டு பொட்டலம் மீன் எடுத்து வந்தார். ஒவீட் உட்கார்ந்து முட்டிகளில் வைத்துக்கொண்டார். அத்தை என் கையிலிருந்து பிடிலை வாங்கி, எதிர் நாற்காலியில் அமர்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் சரிசெய்துகொண்டாள். மேல்பாதி. பிறகு, அந்த வீட்டில் நாற்பத்திரண்டு வருடமாகக் கேட்காத கீழ்ப்பாதி. அந்த இடம் வந்ததும் வில் நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை. கூரையில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். பிறகு தொடர்ந்தாள்.

"வெட்டலையா?" என்றார் ஒவீட்.

"எத வெட்டறது? அதுதானே இருக்கு அதுல."

பதினான்காம் தேதி அத்தை வேலைக்கு விடுப்புச் சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் மூன்றாவது தடவை. தன் வண்டியில் ஒவீட்டை வின்னிபெக்குக்குக் கொண்டுபோனாள். அன்று மாற்று ஓட்டுநர் ஏழாம் நம்பர் பேருந்தில் வானொலி போட்டதாகப் பிள்ளைகள் என்னிடம் புகார் செய்தார்கள். மருத்துவமனையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து, "ரெண்டும் பளபளன்னு இருக்காம். படத்துல காட்டினாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மே மாதம் ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரைக்கு ஒதுங்கிவிட்டது. ஒவீட் இரண்டு கைத்தடிகளோடு நடக்க ஆரம்பித்தார். பத்து மணிவாக்கில் அவரை யாராவது பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். பேருந்தின் இரண்டு படியில் ஏற அவருக்கு நிறைய நேரம் ஆகும். அத்தை கை கொடுக்க மாட்டாள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்து, இன்னும் முழுதாக மடங்காத கால்களை நடைபாதையில் நீட்டிக்கொள்வார்.

"டீச்சர், ஏழாம் நம்பர்ல யாரோ உக்காந்திருக்காங்க" என்றான் என் வகுப்புப் பையன் ஒருவன்.

"பயணிடா. கணக்கப் பாரு."

நானும்தான் கணக்கைப் பார்க்கவில்லை. ஜன்னலில் அத்தையின் முழங்கை ஓடிக்கொண்டிருந்தது. மேல்பாதி முடிந்தது, முழங்கை கீழே இறங்காமல் மேலே போயிற்று. இரண்டாவது வரியில், எனக்குத் தெரிந்த அந்த இடத்தில் நின்றது. அத்தை தலையைத் தூக்கி, மேலே இருந்த அகலக் கண்ணாடியைப் பார்த்தாள்.

ஒரு தட்டு. பிறகு முழங்கை மறுபடி ஓடியது.